ஆயிரம் கட்டுரை எழுதியவருக்குப் பொருளாதாரமும் சொந்தமா? அயோனிடிஸ் பற்றி ஒரு விவாதம்

தராசு:
நேற்று இன்னொரு இழையில் மருந்துச்சீட்டு எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "ஜான் அயோனிடிஸ் ஆயிரத்துக்கு மேல் கட்டுரை எழுதியவர். எச்-இண்டெக்ஸ் (கட்டுரைகள் எத்தனை முறை எடுத்துக்காட்டப்பட்டன என்பதை வைத்துப் போடும் மதிப்பெண்) 200ஐத் தாண்டியவர். மருத்துவத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. பொருளாதாரத்துக்குள்ளும் வந்தார், 2017ல் ஒரே கட்டுரையில் அந்தத் துறைக்கே பாடம் எடுத்துவிட்டுப் போனார்."

பொருளாதார ஆய்வு முடிவுகள் எவ்வளவு நம்பத்தக்கவை என்று சோதித்த அந்தக் கட்டுரையில் பாடம் எடுத்தது அவர் ஒருவர் இல்லை, மூன்று பேர். மற்ற இருவர் ஸ்டான்லி, டுகூலியாகோஸ். இருவருமே பொருளாதாரத்தில் தொகுப்பாய்வு, அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிடுவது, செய்வதற்கென்றே ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள். அந்த முறையைப் பற்றி 2012ல் சேர்ந்து ஒரு நூலே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பெயரைக்கூடச் சொல்லாமல் ஒருவர் கணக்கில் மொத்தத்தையும் எழுதுவது நியாயமா?

மருந்துச்சீட்டு:
ஒரு வார்த்தையைக்கூடத் திரும்பப் பெற மாட்டேன். கட்டுரையில் முதல் பெயர் யாருடையது? அயோனிடிஸ். முடிந்தது.

தராசு:
முடியவில்லை. முதல் பெயர் என்றால் முக்கால்வாசி உழைப்பு அவருடையது என்பது உங்கள் மருத்துவ இதழ்களின் பழக்கம். அங்கே முதல் பெயர் வேலை செய்தவர், கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவர். பொருளாதாரத்தில் பெரும்பாலும் அகரவரிசைதான். அங்கே முதல் பெயரை வைத்து எதையும் சொல்ல முடியாது.

மருந்துச்சீட்டு:
அகரவரிசை என்றால் ஆங்கிலத்தில் டுகூலியாகோஸ்தானே முதலில் வர வேண்டும்? அவர் ஏன் கடைசியில் நிற்கிறார்? அயோனிடிஸ், ஸ்டான்லி, டுகூலியாகோஸ். இதுதான் அச்சில் உள்ள வரிசை. கட்டுரை வந்த எக்கனாமிக் ஜர்னல் பொருளாதார இதழ்தான், மருத்துவ இதழ் இல்லை. அங்கேயும் அகரவரிசையைக் கைவிட்டார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கும்.

தராசு:
காரணம் இருக்கும் என்பது உங்கள் ஊகம். நான் உள்ளடக்கத்தைச் சொல்கிறேன். அந்தக் கட்டுரை 159 பொருளாதார ஆய்வுப் பகுதிகளை எடுத்துக்கொள்கிறது. 6,700க்கு மேற்பட்ட ஆய்வுகள், 64,076 மதிப்பீடுகள். இவை எங்கிருந்து வந்தன? பொருளாதாரக்காரர்கள் ஏற்கெனவே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொகுத்து வைத்த தொகுப்பாய்வுகளிலிருந்து. ஒரு பகுதிக்கான மதிப்பீடுகளைத் திரட்டவே மாதக்கணக்கில் ஆகும். அந்தக் களஞ்சியம் இல்லாவிட்டால் முதல் பெயருக்கு எழுத என்ன இருந்திருக்கும்?

மருந்துச்சீட்டு:
களஞ்சியம் பல ஆண்டாக அங்கேயேதான் கிடந்தது. அதைத் திறந்து, உள்ளே புழு இருக்கிறது என்று உரக்கச் சொன்னது யார்? புள்ளியியல் திறன், அதாவது விளைவு உண்மையில் இருந்தால் அதை ஆய்வு கண்டுபிடிக்கும் வாய்ப்பு, அதன் இடைநிலை 18 சதவீதம் அல்லது அதற்கும் கீழே. அறிவிக்கப்பட்ட விளைவுகளில் கிட்டத்தட்ட 80 சதவீதம் மிகைப்படுத்தப்பட்டவை, பொதுவாக இரண்டு மடங்கு. மூன்றில் ஒன்று நான்கு மடங்கோ அதற்கு மேலோ ஊதியது. உங்களைச் சுடுவது இந்த எண்கள்தான். வரிசையெல்லாம் சாக்கு.

நிழல்மரம்:
இருவரும் கொஞ்சம் நில்லுங்கள். முதலில் எதை எண்ணுகிறோம் என்று முடிவு செய்யுங்கள். எச்-இண்டெக்ஸ் 2005ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்தது. ஒருவருடைய கட்டுரைகளில் 50 கட்டுரைகள் தலா 50 முறையாவது பிற கட்டுரைகளில் மேற்கோள் பெற்றிருந்தால் அவருக்கு 50. உயிரியல் சார்ந்த துறைகளில் இந்த எண் இயற்பியலைவிட மிக அதிகமாக வருகிறது என்று அவரே அப்போதே எழுதிவிட்டார். துறைக்குத் துறை நேராக ஒப்பிட அது செய்யப்படவில்லை. மருத்துவத்தில் இதழ்கள் அதிகம், ஆசிரியர் பட்டியல் நீளம், புதிய ஆய்வு வந்த வேகத்தில் மேற்கோள் குவியும். பொருளாதாரத்தில் ஒரு கட்டுரை அச்சேறவே ஆண்டுகள் ஆகும். நாம் ஒப்பிடுவது கட்டுரை எண்ணிக்கையையா, மேற்கோளையா, தாக்கத்தையா?

தராசு:
நிழல்மரம் சொல்வது சரி. ஆனால் என் கேள்வி எளியது. மூன்று பேர் எழுதியதை ஒருவர் எழுதியதாகச் சொல்லலாமா?

மருந்துச்சீட்டு:
முதல் பெயர் யாருடையது?

பழையஏடு:
இடையில் ஒன்று. மேற்கோள், மேற்கோள் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். ஒருவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே எடுத்துத் தருவதுதான் மேற்கோள். ஆய்வுக் கட்டுரையின் கடைசியில் இன்னொரு கட்டுரையைக் குறிப்பிடுவது மேற்கோள் ஆகாது. இதை மூன்று இழைகளில் சொல்லிவிட்டேன்.

மருந்துச்சீட்டு:
மூன்று இழைகளிலும் உங்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை, ஐயா. இதிலும் சொல்லப் போவதில்லை.

பழையஏடு:
போன மாதம் தடுப்பூசி இழையில் நீங்கள் ஒரு தவறான எண்ணை எழுதிவிட்டு, சுட்டிக்காட்டியதும் பதிவையே நீக்கினீர்களே, அதற்கும் யாரும் பதில் சொல்லவில்லை. நான் மறக்கவில்லை.

மருந்துச்சீட்டு:
நீக்கவில்லை, திருத்தினேன்.

தராசு:
சொற்போர் வேண்டாம். விஷயத்துக்கு வருவோம். பொருளாதாரத்துக்கும் மருத்துவத்துக்கும் நடுவில் பாலம் போட்டவர் யார் என்று கேட்டால் நான் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோவைச் சொல்வேன். 1963ல் அமெரிக்கன் எக்கனாமிக் ரிவ்யூ இதழில் மருத்துவ சேவையின் நிச்சயமின்மை பற்றி ஒரே ஒரு கட்டுரை. முப்பத்து மூன்று பக்கம். தனியாக எழுதியது. நோயாளிக்குத் தன் நோயைப் பற்றித் தெரியாததை மருத்துவர் அறிவார், அதனால் இந்தச் சந்தை சாதாரணச் சந்தை போல நடக்காது என்று அப்போதே விளக்கினார். உடல்நலப் பொருளாதாரம் என்ற துறையே அதன் மீது எழுந்தது. நாற்பது ஆண்டு கழித்து, 2004ல், உலக சுகாதார நிறுவனம் தன் இதழான புல்லட்டினில் அதை மறுபதிப்பு செய்தது. மருத்துவ உலகம் ஒரு பொருளாதாரக் கட்டுரையைத் தேடி வந்து அச்சிட்டது. ஆயிரம் கட்டுரை தேவைப்படவில்லை.

மருந்துச்சீட்டு:
ஒரே ஒரு கட்டுரையை வைத்து ஒருவரைப் புகழலாம், ஆனால் ஒரே ஒரு கட்டுரையால் அயோனிடிஸைப் புகழ்ந்தால் தவறு. இது எந்த ஊர் நியாயம்?

தராசு:
ஆரோ தனியாக எழுதினார். இவர்கள் மூன்று பேர். வித்தியாசம் தெரியவில்லையா?

மருந்துச்சீட்டு:
தனியாக எழுதியது வேண்டுமென்றால் அயோனிடிஸின் 2005 கட்டுரை இருக்கிறது. வெளியாகும் ஆய்வு முடிவுகளில் பெரும்பாலானவை ஏன் தவறு என்று பிளாஸ் மெடிசின் என்ற மருத்துவ இதழில் எழுதியது. ஒரே ஆசிரியர். அதை மருத்துவர், உளவியலாளர், உங்கள் பொருளாதாரக்காரர் எல்லோரும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

தராசு:
அதை நான் எங்கே மறுத்தேன்? அது அருமையான கட்டுரை. அதே ஆண்டு ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த இன்னொன்றையும் படித்தீர்களா? மிக அதிக மேற்கோள் பெற்ற 49 மருத்துவ ஆய்வுகளை எடுத்தார். அவற்றில் 45 சிகிச்சை பலன் தரும் என்றவை. பிறகு வந்த ஆய்வுகளில் 7 பொய்த்தன, இன்னும் 7 சொன்ன அளவுக்குப் பலன் தரவில்லை. அதாவது மேற்கோள் குவிந்தால் உண்மை என்று பொருள் இல்லை என்று காட்டியவரே அவர்தான். அவரையே மேற்கோள் எண்ணிக்கையால் தூக்கிப் பிடிக்கிறீர்கள். அவர் எழுதியதை மதிக்கிறேன் என்பதால்தான் கோபம் வருகிறது.

நிழல்மரம்:
இன்னொன்றும் உண்டு. 2016ல் அயோனிடிஸும் வேறு இருவரும் சேர்ந்து ஆய்வாளர்களை மதிப்பிட ஒரு கூட்டு அளவுகோல் முன்வைத்தார்கள். இணை ஆசிரியர் எண்ணிக்கைக்கு ஏற்பத் திருத்திய எச்-இண்டெக்ஸும் அதில் ஒரு பங்கு. தனி ஆசிரியர், முதல் ஆசிரியர், கடைசி ஆசிரியர் என்று பிரித்தும் பார்க்கிறது. 2019ல் அதைக் கொண்டு ஒரு லட்சம் ஆய்வாளர்களுக்கு மேல் தரவுத்தளம் வெளியிட்டார்கள். 22 துறை, 176 உட்துறை எனப் பிரித்து. துறைக்குள் ஒப்பிடுங்கள் என்பதுதான் அதன் நோக்கம்.

மருந்துச்சீட்டு:
பார்த்தீர்களா! முதல் ஆசிரியருக்குத் தனி மதிப்பு உண்டு என்று அவரது அளவுகோலே சொல்கிறது. 2017 கட்டுரையில் முதல் ஆசிரியர் யார்?

தராசு:
இணை ஆசிரியர்களால் வகுத்தும் பார்க்கச் சொல்கிறது, அந்த வரியை மட்டும் ஏன் தாண்டினீர்கள்? லான்செட் மருத்துவ இதழில் வரும் உலக நோய்ச்சுமை ஆய்வுகளில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள். அதை வழிநடத்தும் கிறிஸ்டோபர் மர்ரியும் மருத்துவரும் பொருளாதாரம் படித்தவரும்தான். அங்கே பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவர் கணக்கிலும் முழு மேற்கோளும் ஏறும். ஒரு மூட்டையை நூறு பேர் தூக்கினால் நூறு மூட்டை ஆகிவிடுமா?

மருந்துச்சீட்டு:
அதில் உழைத்தவர்களை நான் அறிவேன். நானும் ஒரு பெரிய ஆய்வுக்கு நோயாளிகளின் விவரம் சேகரித்தவன். இரண்டு ஆண்டு. பட்டியலில் என் பெயர் எண்பதாவது இடத்திலோ என்னவோ. அந்த மூட்டையில் என் தோளும் இருந்தது. உங்கள் துறையில் தரவு திரட்டியவருக்கு நன்றியுரையில் ஒரு வரிதான்.

தராசு:
உங்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதே நியாயத்தை ஸ்டான்லிக்கும் டுகூலியாகோஸுக்கும் கேட்கிறேன். எண்பதாவது இடத்தில் இருக்கும் உங்களுக்கு வலிக்கிறது, மூன்றாவது இடத்தில் இருப்பவர் பெயரே இல்லாமல் போகலாமா?

பழையஏடு:
பெயர் வரிசை பற்றி ஒரு செய்தி. 2006ல் வந்த ஆய்வு ஒன்று, அமெரிக்காவின் உயர்ந்த பொருளாதாரத் துறைகளில், பெயரின் முதல் எழுத்து அகரவரிசையில் முன்னால் இருப்பவர்களுக்கு நிரந்தரப் பதவி கிடைக்கும் வாய்ப்பு கூடுதல் என்று காட்டியது. ஆசிரியர் பெயரை அகரவரிசையில் போடாத உளவியலில் அப்படி இல்லை. எனவே உங்கள் துறையின் அகரவரிசையும் தூய்மையானது இல்லை, தராசு.

மருந்துச்சீட்டு:
முதல் முறையாகப் பழையஏடு உருப்படியாக ஒன்று சொல்லியிருக்கிறார்.

பழையஏடு:
உங்கள் சான்றிதழ் எனக்கு வேண்டாம். தடுப்பூசி இழைக்குப் பதில் சொல்லுங்கள்.

நிழல்மரம்:
மேற்கோளில் கண்டித்து எழுதுவதும் சேரும் என்பதை இருவரும் விட்டுவிட்டீர்கள். 2020 ஏப்ரலில் அமெரிக்காவின் சாண்டா கிளாராவில் நடந்த கொரோனா எதிர்ப்பொருள் ஆய்வில் அயோனிடிஸும் உண்டு, மருத்துவமும் பொருளாதாரமும் படித்த ஜெய் பட்டாச்சார்யாவும் உண்டு. பங்கேற்பாளர்களை முகநூல் விளம்பரம் மூலம் சேர்த்தது, தொற்று வராதவருக்கும் வந்ததாகச் சோதனை காட்டும் தவறான நேர்மறை விகிதம் என்று பலவற்றைப் புள்ளியியலாளர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். கட்டுரைகளாக வந்த விமர்சனங்களும் அந்த ஆய்வின் மேற்கோள் எண்ணிக்கையில்தான் ஏறின.

மருந்துச்சீட்டு:
கொரோனாவை இழுக்காதீர்கள். அந்த இழை எப்படி முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

தராசு:
நானும் அதை இழுக்கவில்லை. என் கேள்வி காலையிலிருந்து ஒன்றே ஒன்றுதான். மூன்று பேர். "பாடம் எடுத்தார்" என்பதை "பாடம் எடுத்தார்கள்" என்று மாற்றுங்கள். இரண்டு எழுத்து. அவ்வளவுதான்.

மருந்துச்சீட்டு:
மாற்ற மாட்டேன். முதல் பெயர் அவருடையது.

தராசு:
அப்படியென்றால் நாளை 159 பகுதிகளின் பட்டியலோடு வருகிறேன். ஒவ்வொன்றையும் யார் தொகுத்தார்கள் என்று ஒருவர் விடாமல் எழுதப் போகிறேன். உங்கள் முதல் பெயர் அதில் எத்தனை இடத்தில் வருகிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

மருந்துச்சீட்டு:
எழுதுங்கள். அகரவரிசையில் எழுதுங்கள்.