மாடிக்குப் போனால் வைஃபை இருக்கிறது, நெட் இல்லை (செல்போனில் மட்டும்). யாராவது உதவுங்கள்

பாளைவாசி

வணக்கம். வீடு பாளையங்கோட்டையில். கீழே ஹாலில் ஃபைபர் இணைப்பு, ரூட்டர் டிவிக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது. 100 எம்பிபிஎஸ் திட்டம். டிவி, லேப்டாப் இரண்டிலும் ஒரு குறையும் இல்லை. தொல்லையெல்லாம் செல்போன்களில்தான். வைஃபை குறி நிறைந்து நிற்கும், ஆனால் ஒரு வாட்ஸ்அப் செய்திகூடப் போகாது, கடிகாரப் படத்தோடு அப்படியே நிற்கும். அமைப்புகளில் போய்ப் பார்த்தால் 'இணைக்கப்பட்டது, இணையம் இல்லை' என்று இருக்கும். வைஃபையை அணைத்துப் போட்டால் சில நேரம் சரியாகிறது, சில நேரம் இல்லை. என்னுடையதும் அம்மாவுடையதும் வேறு வேறு கம்பெனி ஆண்ட்ராய்டு, அண்ணனுடையது ஐபோன். மூன்றிலும் இதே கதை.

சாயங்காலம் ஓசூரிலிருந்து தம்பி வீடியோ காலில் வருவான். அம்மா பேசிக்கொண்டே மாடிக்குத் துணி எடுக்கப் போவார். அவ்வளவுதான், அவன் முகம் பாதி வாய் திறந்தபடி நின்றுவிடும். "நம்ம வீட்டு வைஃபைக்கு மாடிப்படி ஏற மூட்டு வலி" என்கிறார் அம்மா. இணைப்பு கொடுத்தவர்களிடம் இரண்டு முறை புகார் சொன்னேன். வந்த பையன் லேப்டாப்பில் வேகம் பார்த்துவிட்டு "லைன் சூப்பரா இருக்குக்கா" என்று சொல்லிப் போய்விட்டான். என்ன செய்யலாம்?

இரவுப்பறவை

வைஃபை பெயரை அழுத்தி 'மறந்துவிடு' கொடுத்து, பாஸ்வேர்டு போட்டு மறுபடி இணையுங்கள். சரியாகாவிட்டால் ரூட்டரைத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்குங்கள். இணைப்போடு ஓசியில் வரும் பெட்டி எல்லாம் இப்படித்தான்.

சேனல்11

தெருவில் எத்தனை வைஃபை தெரிகிறது என்று பாருங்கள். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான். எல்லார் வீட்டு ரூட்டரும் அதற்குள்தான் முண்டியடிக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் கான்கிரீட் தளத்தைத் தாண்டுவதற்குள் பாதி செத்துவிடும். மாடி என்றால் அதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். சமையலறையில் மைக்ரோவேவ் ஓடும்போது மோசமாகிறதா என்றும் பாருங்கள், அதுவும் 2.4 பக்கம்தான் இரைச்சல் போடும்.

கம்பிவேலை

சேனல் நண்பர் சொல்வது சரிதான், ஆனால் அதெல்லாம் குறி குறையும்போது. இங்கே குறி நிறைந்து நிற்கிறது, நெட் மட்டும் இல்லை. இது வேறு ஜாதி. ரூட்டர் வாங்கக் காசு எடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள் சகோதரி.

போனிலிருந்து ரூட்டர் வரை ஒரு பாதை, ரூட்டரிலிருந்து வெளியே இன்னொரு பாதை. எது அறுந்திருக்கிறது என்று தெரியாமல் எதைத் தொட்டாலும் குருட்டு வைத்தியம். அடுத்த முறை மாட்டிக்கொள்ளும்போது வைஃபையை அணைக்காதீர்கள், மொபைல் டேட்டாவை மட்டும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் போன் சத்தம் காட்டாமல் டேட்டாவுக்குத் தாவி நம்மை ஏமாற்றிவிடும். பிறகு வைஃபை பெயருக்குள் போனால் ஐபி முகவரி (போனின் எண்), கேட்வே (போன் வெளியே போகும் வாசலின் எண்) என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். நன்றாக ஓடும்போதும் ஒருமுறை குறித்து, இரண்டையும் இங்கே போடுங்கள்.

பாளைவாசி

இன்று சாயங்காலமே வாய்ப்பு கிடைத்தது.

நன்றாக ஓடும்போது: ஐபி 192.168.1.104, கேட்வே 192.168.1.1
ஓடாதபோது: ஐபி 192.168.0.102, கேட்வே 192.168.0.1

என் ரூட்டரின் அமைப்புப் பக்கம் 192.168.1.1இல்தான் திறக்கும். நடுவில் இந்த 0 எங்கிருந்து வந்தது?

கம்பிவேலை

உங்கள் வீட்டில் இன்னொரு ரூட்டர் உயிரோடு இருக்கிறது. நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்.

பாளைவாசி

ஐயோ, ஆமாம். போன வருடம் கோயில் கொடை விழாவுக்கு வந்திருந்த அத்தான், மாடியில் சிக்னல் இல்லை என்று எங்கள் பழைய ரூட்டரை மாடி அறைப் பரண் மேல் வைத்து, கீழேயிருந்து ஒரு லான் கேபிள் இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அதே பெயர், அதே பாஸ்வேர்டு. அன்றைக்கு வேலை செய்தது, அப்புறம் அது அங்கே இருப்பதே மறந்துவிட்டது. இப்போது ஏறிப் பார்த்தேன், தூசிக்குள் பச்சை விளக்கு மினுங்குகிறது.

கம்பிவேலை

அத்தான் முக்கால்வாசி வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். டிஹெச்சிபியை, அதாவது உள்ளே வரும் கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வேலையை, மட்டும் அணைக்காமல் விட்டுவிட்டார்.

போன் உள்ளே வந்ததும் "எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்" என்று வீடு முழுக்கக் கேட்கும். கீழ் ரூட்டரும் பதில் சொல்லும், மாடி ரூட்டரும் சொல்லும். யார் முந்துகிறார்களோ அவர் கொடுப்பதைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். கீழ் ரூட்டர் முந்தினால் நெட் உண்டு. மாடி ரூட்டர் முந்தினால் "வெளியே போக என்னிடம் வா" என்று 192.168.0.1ஐ வாசலாகக் காட்டும். ஆனால் அதன் வான் (WAN) போர்ட்டில், அதாவது வெளியிலிருந்து நெட் வரும் கேபிளுக்கான துளையில், எதுவும் செருகவில்லை, அந்த வாசலுக்குப் பின்னால் சுவர்தான். அணைத்துப் போட்டால் சில நேரம் சரியாவதும் இதனால்தான், மறுபடி ஓட்டப்பந்தயம்.

டிவியும் லேப்டாப்பும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒருமுறை வாங்கிய முகவரியை, கொடுத்தவரிடமே கேட்டு நீட்டித்துக்கொள்ளும். போன்தான் மாடிக்கும் ஹாலுக்கும் தாவித் தாவி, ஒவ்வொரு தடவையும் கேள்வி கேட்டு மாட்டிக்கொள்கிறது. அந்தப் பையன் லேப்டாப்பைப் பார்த்துவிட்டுப் போனதில் அதிசயமில்லை.

சரி, வேலைக்கு வருவோம். பழைய ரூட்டரில் 'ஆக்சஸ் பாயிண்ட் மோட்' (முகவரி கொடுக்காமல் வைஃபை மட்டும் பரப்பும் முறை) என்று இருந்தால் அதைப் போட்டால் முடிந்தது. இல்லையென்றால், மாடி கேபிளைக் கழற்றிவிட்டு, அந்த ரூட்டரை லேப்டாப்போடு மட்டும் கேபிளில் இணையுங்கள். 192.168.0.1 திறந்து, முதலில் லான் ஐபியை (வீட்டுக்குள் அந்த ரூட்டரின் சொந்த முகவரி) 192.168.1.2 என்று மாற்றுங்கள். பிறகு டிஹெச்சிபியை அணையுங்கள். கடைசியாக மாடி கேபிளை அதன் லான் போர்ட்டிலேயே திரும்பச் செருகுங்கள், வான் போர்ட்டில் வேண்டாம். அமைப்பு எதையும் மாற்றாமல் வான் போர்ட்டில் செருகினாலும் நெட் வரும், பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் மாடியில் இருக்கும் போனுக்குக் கீழே இருக்கும் டிவி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். கீழ் ரூட்டர் எந்த எண்ணிலிருந்து முகவரி கொடுக்கிறது என்றும் பாருங்கள். மாடி ரூட்டருக்கு வைத்த கடைசி எண் 2 அந்த வரிசைக்குள் விழக் கூடாது.

பாளைவாசி

கீழே 100 முதல் 199 வரை என்று இருக்கிறது. ஆக்சஸ் பாயிண்ட் மோட் இல்லை. லான் ஐபியை மாற்றிச் சேமித்தேன், பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, திறக்கவே இல்லை. கெடுத்துவிட்டேனோ?

கம்பிவேலை

கெடவில்லை, அது வீடு மாறிவிட்டது. நீங்கள் பழைய வீட்டுக் கதவைத் தட்டுகிறீர்கள். லேப்டாப் கேபிளை ஒருமுறை கழற்றிச் செருகி, 192.168.1.2 என்று தட்டுங்கள்.

சேனல்11

கையோடு மாடியை 11இல், கீழே 1இல் வையுங்கள். தானியங்கியில் விட்டால் இரண்டும் ஒரே சேனலில் போய் உட்கார வாய்ப்புண்டு. இதற்காவது என் பேச்சு உதவட்டும்!

ஊர்க்குருவி

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் 'இணையம் இல்லை'தான் வருகிறது, ஆனால் ஒரே ரூட்டர், ஒரே ஒரு போனில் மட்டும். ஐபி எண் மாறவில்லை.

கம்பிவேலை

ஆண்ட்ராய்டு என்றால் அமைப்புகளில் 'பிரைவேட் டிஎன்எஸ்' (தளங்களின் பெயரைக் கொடுத்து முகவரி கேட்கும் சர்வர்) பாருங்கள். விளம்பரம் தடுக்க எப்போதோ ஒரு பெயர் போட்டு வைத்திருப்பீர்கள். அந்த சர்வர் பதில் சொல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும். 'தானியங்கி' என்று மாற்றிப் பாருங்கள். அதிலும் நிற்கவில்லை என்றால் தனி இழை போடுங்கள், இதோடு கலக்க வேண்டாம்.

ஊர்க்குருவி

அதேதான்! விளம்பரத் தடுப்பு போட்டது நினைவுக்கு வந்துவிட்டது. நன்றி.

பாளைவாசி

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். 192.168.1.2 திறந்தது, டிஹெச்சிபியை அணைத்தாயிற்று, சேனலும் மாற்றியாயிற்று. மூன்று போனிலும் மாடி, கீழ் எங்கே பார்த்தாலும் 192.168.1 என்றுதான் ஆரம்பிக்கிறது. நேற்று அம்மா தம்பியோடு 40 நிமிடம் பேசினார், துணியும் மடித்து முடித்துவிட்டார்.

ஒன்று மட்டும் பாக்கி. மாடியிலிருந்து இறங்கி ஹாலுக்கு வந்த பிறகும் என் போன் சிறிது நேரம் மாடி ரூட்டரையே பிடித்துக்கொண்டிருக்கிறது. குறி ஒற்றைக் கோடு, வேகம் மந்தம். பிறகு தானாக மாறுகிறது.

கம்பிவேலை

எப்போது விட வேண்டும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் போன்தான், ரூட்டர் இல்லை. சில போன் அட்டைப்பூச்சி மாதிரி, சிக்னல் சாகும் வரை விடாது. மாடி ரூட்டரில் 'டிரான்ஸ்மிட் பவர்' (சிக்னல் அனுப்பும் பலம்) இருந்தால் நடுத்தரத்துக்குக் குறைத்துப் பாருங்கள், சீக்கிரம் விடும். அப்புறம் அதைப் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, காற்று படும் இடத்தில் வையுங்கள். பக்கத்தில் இரும்பு பீரோ இருக்கக் கூடாது.

பாளைவாசி

பீரோவுக்கு நேர் மேலேதான் இருந்தது. இறக்கிவிட்டேன். அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை.