நெஞ்சு நடுவில் விரலுக்குத் தட்டுப்படும் மேடு: உங்கள் அனுபவம் என்ன?

ஈசிஜி டெக்னீஷியன்:
தொண்டைக்குழியில் விரலை வைத்து நேர் கீழே இறக்குங்கள். நாலைந்து செ.மீ. தாண்டியதும் குறுக்காக ஒரு மேடு தட்டுப்படும். மார்பெலும்பின் மேல்துண்டும் நடுத்துண்டும் சேருகிற இடம் அது. பாடப்புத்தகத்தில் லூயி கோணம். எங்கள் பிழைப்பே அந்த மேட்டை நம்பித்தான். முதல் விலா காறை எலும்புக்கு அடியில் மறைந்திருப்பதால் எண்ண வராது. மேட்டுக்கு நேராக வந்து ஒட்டுவது 2-ஆவது விலா. அதன் கீழ்ப் பள்ளம் 2-ஆவது இடைவெளி, அங்கிருந்து இரண்டு பள்ளம் இறங்கினால் 4-ஆவது. அங்கே மார்பெலும்பின் வலது ஓரத்தில் வி1 என்கிற ஈசிஜி ஒட்டுமுனை, இடது ஓரத்தில் வி2.

இதை எண்ணாமல் குத்துமதிப்பாக ஒட்டுகிறவர்கள் நிறைய. ஒரு பாட்டியை வேறொரு இடத்தில் எடுத்த ஈசிஜியோடு கூட்டி வந்தார்கள். பழைய மாரடைப்பு இருக்கலாம் என்று மெஷின் அச்சடித்திருந்தது. மகன் முகத்தில் ஈயாடவில்லை. "பாட்டி, கொஞ்சம் மூச்சை அடக்கிக்காம சும்மா படுங்க" என்று எண்ணி ஒட்டி எடுத்தேன். அந்த வாசகம் வரவில்லை. டாக்டரும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, முன்பு வி1, வி2 மேலே ஏறிப் போயிருக்கிறது என்றார்.

ஐடி ஊழியர்:
எனக்கு மேடு கீழே! உடம்பு இளைத்த பிறகு நெஞ்செலும்பு முடிகிற இடத்தில் கெட்டியாக ஏதோ துருத்தியது. கட்டி என்றே முடிவு கட்டி, இரவெல்லாம் தூக்கமில்லை. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "இது உங்க எலும்போட நுனிதான் தம்பி, எல்லாருக்கும் இருக்கு" என்றார். இளவயதில் குருத்தெலும்பாக இருக்குமாம், 40 வாக்கில் கெட்டியாகத் தொடங்குமாம். சிலருக்கு முன்னே வளைந்திருக்கும், சிலருக்கு நுனி இரண்டாகப் பிரிந்திருக்கும். ஆனாலும் காட்டாமல் விடாதீர்கள். வளர்ந்தால், வலித்தால் பார்க்கத்தான் வேண்டும்.

முதலுதவி பயிற்சியாளர்:
மேலே சொன்ன நுனியில்தான் சிபிஆர் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திக் கொடுக்கும் முதலுதவி) பழகுகிறவர்கள் கை அடிக்கடி இறங்கிவிடும். அங்கே அழுத்தினால் கல்லீரலுக்கு ஆபத்து. மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கை அடிப்பாகம் இருக்கட்டும். பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை.

பைபாஸ் ஆனவரின் மகள்:
அப்பாவுக்கு இந்த எலும்பை நெடுக அறுத்துத்தான் ஆபரேஷன். மூடும்போது எஃகுக் கம்பியால் கட்டுகிறார்கள். எக்ஸ்ரேயில் வளையம் வளையமாகத் தெரிகிறது. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொன்னார்கள். எழும்போது கையை ஊன்றக் கூடாது. அப்பாவுக்கு இதுதான் பெரிய பாடு, நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்தே பழகியவர்.

ஐடி ஊழியர்:
டெக்னீஷியன் அண்ணா, எனக்கு மேல் மேடு சரியாகத் தெரியவில்லையே?

ஈசிஜி டெக்னீஷியன்:
சிலருக்கு மட்டமாகத்தான் இருக்கும். இரண்டு விரலால் கொஞ்சம் அழுத்தி மெதுவாக இறக்குங்கள், வரப்பு போல நெருடும்.