லூப்புக்கு உள்ளேயா, வெளியேயா? கோப்பு திறக்கிற சண்டை

கரும்புக்காட்டான்: நேற்று இங்கே ஒருவர் புதுப் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்லியிருக்கிறார்: "பைத்தான் நிரல்மொழியில் லூப்பின் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி) விடைகளைக் கோப்பில் எழுத, லூப்புக்கு உள்ளேயே ஓப்பன் போட்டு 'ஏ' மோடில் (இருப்பதற்குக் கீழே சேர்த்து எழுதும் முறை) எழுதுங்கள், அதுதான் பாதுகாப்பு." தலையில் அடித்துக்கொண்டேன். லூப்புக்கு வெளியே ஒரே தடவை 'டபிள்யூ' (இருப்பதை அழித்துப் புதிதாக எழுதும் முறை) போட்டுத் திற, உள்ளே எழுது, கோப்பை மூடுகிற வேலையை வித் என்ற கட்டளை பார்த்துக்கொள்ளும். 'ஏ' போட்டவர் நிரலை இரண்டாவது தடவை ஓட்டினால் என்ன ஆகும்? பழைய பட்டியலுக்குக் கீழே அதே பட்டியல் மறுபடியும்.

சாட்ஸ்வர்த் தம்பி: அந்த "ஒருவர்" நான்தான் அண்ணா, நேராகவே திட்டலாம். லூப்புக்குள் 'டபிள்யூ' போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் கோப்பு காலியாகிக் கடைசி வரி மட்டும் மிஞ்சும். பிள்ளைகள் மாட்டுவது அங்கேதான், அதனால்தான் 'ஏ' என்றேன். அப்புறம், 2023ல் நீங்கள் டர்பனில்தானே இருந்தீர்கள்? லோட் ஷெடிங்கில் (தென்னாப்பிரிக்காவின் முறைவைத்த மின்வெட்டு) பாதி லூப்பில் மெஷின் செத்தால் பஃபரில் (கோப்புக்குப் போகுமுன் வரிகள் தங்கும் நினைவகம்) கிடந்த வரிகள் போச்சு. வரிக்கு வரி மூடினால் அதுவரை எழுதியது தப்பிக்கும்.

கரும்புக்காட்டான்: இரண்டாவது தடவை ஓட்டினால்? கேட்டதற்குப் பதில் காணோம். லோட் ஷெடிங் 2024 மார்ச் கடைசியில் நின்று பத்து மாதம் எட்டிப் பார்க்கவே இல்லை. அப்படியே வந்தாலும், கோப்பை மூடினால் வரி டிஸ்க்கில் ஏறிவிட்டது என்று யார் சொன்னது? இயங்குதளத்தின் கையில் போகும், அவ்வளவுதான். அதற்குமேல் உறுதி வேண்டுமென்றால் ப்ளஷ் (பஃபரில் இருப்பதை இயங்குதளத்திடம் தள்ளும்), பிறகு எஃப்சிங்க் (இயங்குதளத்தை டிஸ்க்கில் எழுத வைக்கும்). இரண்டையும் திறந்த கோப்பிலேயே செய்யலாம், ஆயிரம் தடவை திறந்து மூட வேண்டியதில்லை.

சாட்ஸ்வர்த் தம்பி: 2025 ஜனவரி 31 அன்று திரும்ப வந்ததே, அதை மட்டும் மறந்துவிட்டீர்களா? முதல் பாடம் படிக்கிற பிள்ளைக்கு எஃப்சிங்க் சொல்லிக்கொடுக்கிற ஆசான் நீங்கள்தான்.

மாரிட்ஸ்பர்க் அக்கா: இருவரும் 'பாதுகாப்பு' என்கிறீர்கள். நிரல் விழுந்தாலா, கரண்ட் போனாலா, பழைய கோப்பு அழிந்தாலா? முதலில் அதைச் சொல்லுங்கள். என் விண்டோஸில் என்கோடிங் (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) யூடிஎஃப்-8 என்று கொடுக்காமல் திறந்தேன், முதல் தமிழ்ப் பெயரிலேயே பிழை. 'டபிள்யூ' திறந்த நொடியே பழைய கோப்பைக் காலி செய்திருந்தது. இருந்ததும் போச்சு. 'எக்ஸ்' மோடு ஒன்று இருக்கிறது, அதே பெயரில் கோப்பு இருந்தால் திறக்கவே மறுக்கும். அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

சாட்ஸ்வர்த் தம்பி: பார்த்தீர்களா அண்ணா! 'டபிள்யூ' அக்காவின் கோப்பைத் தின்றுவிட்டது.

கரும்புக்காட்டான்: தின்றது என்கோடிங் கொடுக்காத கை. அக்கா, கோபிக்க வேண்டாம். தம்பி, இரண்டாவது தடவை?

சாட்ஸ்வர்த் தம்பி: ஓட்டுவதற்கு முன் பழைய கோப்பை அழித்துவிடுவேன்.

கரும்புக்காட்டான்: ஆக, கையால் 'டபிள்யூ' வேலை பார்க்கிறீர்கள். வாழ்க. போன தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்கள் பட்டியல் அச்சடித்தபோது எங்கள் தெருக்காரர்கள் பெயரெல்லாம் இரண்டிரண்டு தடவை வந்தது. அந்தப் பட்டியல் யார் நிரலில் வந்தது என்று நான் கேட்கவில்லை.

சாட்ஸ்வர்த் தம்பி: கேட்டுவிட்டு, கேட்கவில்லை என்கிறீர்கள். அதற்கு முந்தின வருடம் எல்லாப் பெயரும் ஒட்டிக்கொண்டு ஒரே நீள வரியாக வந்ததே, கோப்பில் எழுதும் ரைட் கட்டளை தானாக வரி உடைக்காது என்று தெரியாமல் எழுதிய மகான் யார்?

மாரிட்ஸ்பர்க் அக்கா: என் கேள்வி அப்படியே நிற்கிறது.

கரும்புக்காட்டான்: பிரிண்ட் கட்டளையில் கோப்பைக் கொடுத்தால் வரி தானாக உடையும், எனக்குத் தெரியும். அன்று வேண்டுமென்றேதான் ரைட் போட்டேன், காரணத்தைக் கோயில் கமிட்டியிடம் சொல்லியாயிற்று. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சாட்ஸ்வர்த் தம்பி: கமிட்டியில் என் மாமாவும் இருக்கிறார். இன்று சாயங்காலமே கேட்கிறேன்.

கரும்புக்காட்டான்: தாராளமாக. அப்படியே உங்கள் மாமா இன்னும் கொடுக்காத அச்சுக்கூலியையும் கேளுங்கள்.