பிக் படும் 'டிக்' பதிவில் எங்கே போகிறது?

தேவனாம்பட்டினத்தான்:
எலெக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப் (ஒலிபெருக்கி) இல்லாமல் வாசித்தால், பிக் (மீட்டும் சிறு பிளாஸ்டிக் தகடு) கம்பியைத் தொட்டு விலகும் 'டிக்' துல்லியமாகக் கேட்கிறது. இன்டர்ஃபேஸ் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வழியாகக் கணினியில் பதிவு செய்தால் மழுங்கிவிடுகிறது. ஈரத்துணியைப் போர்த்தியது போல. 0.46 மி.மீ. முதல் 1 மி.மீ. தடிமன் வரை பிக் மாற்றிப் பார்த்தாயிற்று. ஈக்யூவில் (ஒலியின் அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் வசதி) 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஏற்றினால் இரைச்சல்தான் கூடுகிறது. கிட்டாருக்குப் புது பிக்கப் வாங்கச் சொல்கிறான் நண்பன். ஜூன் 14இல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகு கடலுக்குப் போகும்வரை எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே எடுக்க முடியாது.

முதுநகர்க்காரன்:
காசைக் கரியாக்காதீர்கள், தம்பி. பிக்கப் என்பது காந்தம். எஃகுக் கம்பியின் அசைவைத்தான் அது அறியும். பிளாஸ்டிக் உரசிக் காற்றில் எழும் சத்தம் அதற்குப் பெரும்பாலும் எட்டாது. உங்கள் காது இரண்டையும் கேட்கிறது.

கம்பிகளுக்கு எதிரே ஒரு சாண் தள்ளி மைக் வைத்து, தனித் தடத்தில் சேர்த்தே பதிவு செய்யுங்கள். ஹெட்ஃபோன் கட்டாயம், ஸ்பீக்கர் ஓடினால் மைக் அதையும் விழுங்கிவிடும். மைக் தடத்தில் 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, கிட்டார் தடத்தோடு கொஞ்சங் கொஞ்சமாகச் சேருங்கள். தனியாகக் கேட்டால் கோழி தகரத்தைக் கொத்துவது போலிருக்கும். பயப்பட வேண்டாம்.

லாஸ்பேட்டை:
கம்ப்ரஸர் (உரத்த ஒலியை அமுக்கும் கருவி) போட்டிருக்கிறீர்களா? அட்டாக் (அது அமுக்க எடுக்கும் நேரம்) எவ்வளவு?

தேவனாம்பட்டினத்தான்:
1 மில்லி செகண்ட். வேகமாக இருப்பதுதான் நல்லது என்று நினைத்தேன்.

லாஸ்பேட்டை:
பாதி திருட்டு அங்கேதான் நடக்கிறது. தலை நீட்டும் முன்பே அடியை அமுக்கிவிடுகிறது. 30க்குக் கொண்டுபோங்கள், 'டிக்' வெளியே வந்த பிறகு அமுக்கட்டும். கம்பி மாற்றி எத்தனை நாளாயிற்று? உங்கள் ஊர் உப்புக்காற்றில் துருப்பிடித்த கம்பிக்கு எந்த பிக்கும் பளிச்சென்ற சத்தம் தராது. வாசித்து முடித்ததும் துணியால் துடைத்து வையுங்கள்.

தேவனாம்பட்டினத்தான்:
கம்பி போன தீபாவளிக்கு மாற்றியது. திட்டாதீர்கள், நாளை புதிது வாங்கிவிடுகிறேன்.

நேற்றிரவு அட்டாக்கை 30இல் வைத்து, மைக்கையும் சேர்த்தேன். 'டிக்' வந்துவிட்டது அண்ணா! ஆனால் மைக்கில் மின்விசிறிச் சத்தமும் வந்தது. அதை நிறுத்தி வாசித்ததில் வியர்த்து, நான்காவது முறை பிக் கையிலிருந்து நழுவி கட்டிலுக்கடியில் போய்விட்டது. வழுக்காத பிக் எது?

முதுநகர்க்காரன்:
பிடிக்கும் இடத்தில் சொரசொரப்புள்ள நைலான் பிக் கேளுங்கள். அதுவரை பழைய பிக்கின் நடுவில் உப்புத்தாளால் நாலு இழுப்பு. நுனியைத் தேய்த்துவிடாதீர்கள்.