கிளேஸில் பேரியத்துக்குப் பதிலாக ஸ்ட்ரோன்சியம் காபனேற்று: அளவு, சோதனை, ஊசித்துளை

கேள்வி – வெள்ளவத்தைக் களிமண்

வணக்கம். மட்பாண்டத்தில் பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சான கிளேஸில், செம்பு நீல மட் (மினுக்கமில்லாத) வகை ஒன்றில் பேரியம் காபனேற்று 20 பங்கு வருகிறது. அது நஞ்சு, பட்டறைக்குப் பிள்ளைகளும் வருவதால் அதை எடுத்துவிட்டு ஸ்ட்ரோன்சியம் காபனேற்று போட யோசிக்கிறேன். மின்சூளை, 1240 பாகை செல்சியஸ். நிறைக்கு நிறை மாற்றலாமா? புறக்கோட்டையில் கிடைத்தது லேபல் இல்லாத பையில் பிரித்துக் கட்டிய வெள்ளைத் தூள். சரியான சாமான்தானா என்று எப்படிப் பார்ப்பது? ஸ்ட்ரோன்சியம் என்றதும் கதிர்வீச்சு என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

பதில் – சூளைத்தீ

நிறைக்கு நிறை போடாதீர்கள். மூலக்கூற்று நிறை பேரியம் காபனேற்றுக்கு 197.3, ஸ்ட்ரோன்சியம் காபனேற்றுக்கு 147.6. ஆகவே 0.75ஆல் பெருக்குங்கள்: 20 பங்குக்கு 15. மீதி சரக்குகள் அப்படியே இருக்கட்டும்.

நீலம் அச்சொட்டாக வராது, கொஞ்சம் பச்சைப் பக்கம் சாயும். உருகலும் சற்றுக் கூடும், மட் குறைந்து பட்டு மினுக்கம் வரலாம். முதலில் 100 கிராம் கலந்து சோதனை ஓட்டில் பாருங்கள்.

உங்களுக்கு வரப்போகும் தொல்லை ஊசித்துளை, அதாவது வாயு வெளியேறி மேற்பரப்பில் விடும் சின்ன ஓட்டைகள். இந்தக் காபனேற்று சூட்டில் நிறையில் ஏறக்குறைய 30 சதவீதத்தைக் காபனீரொட்சைட்டாக வெளியேற்றும், அதுவும் 1100 பாகை தாண்டியும் வந்துகொண்டிருக்கும். அதற்குள் மேற்பரப்பு உருகி மூடிவிட்டால் வாயு கொப்புளமாக நிற்கும். 900 முதல் 1100 வரை மணிக்கு 60–80 பாகைக்கு மேல் ஏற்ற வேண்டாம். உச்சத்தில் 15–20 நிமிடம் பிடியுங்கள். 100 மெஷ் அரிதட்டில் இரண்டு தரம் வடியுங்கள், தடிப்பாகப் பூசாதீர்கள்.

பதில் – ஆய்வுகூடம்

தூளைச் சோதிக்க: ஒரு தேக்கரண்டியைத் தண்ணீரில் கலக்குங்கள். காபனேற்று கரையாது, பால்போலக் கலங்கி அடியில் படியும். தெளிவாகக் கரைந்தால் அது நைத்திரேற்றாகவோ குளோரைட்டாகவோ இருக்கலாம். நைத்திரேற்று ஒட்சியேற்றி (தீயை மூட்டி வளர்க்கும்), விறகு, மரத்தூள் பக்கம் வைக்கவே கூடாது.

படிந்ததில் ஒரு சிட்டிகைக்கு ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் விடுங்கள், நுரைத்து முழுதாகக் கரைய வேண்டும். கரையாமல் மண்டி நின்றால் சல்பேற்றுக் கலப்பு. அழுகின முட்டை மணம் வந்தால் தயாரிப்பில் மிஞ்சிய சல்பைட்டு, அந்தத் தூள் கிளேஸுக்கு வேண்டாம். பிறகு நிக்ரோம் கம்பியை அந்தக் கரைசலில் தோய்த்து காஸ் சுவாலையில் பிடியுங்கள்: கடுஞ்சிவப்பு என்றால் ஸ்ட்ரோன்சியம், இளம்பச்சை என்றால் பேரியம். கண்ணாடி, கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். அடுத்த முறை வாங்கும்போது சிஏஎஸ் இலக்கம் (இரசாயனப் பொருளை அடையாளம் காட்டும் எண்) 1633-05-2 உள்ள மூடிய பையாகக் கேளுங்கள்.

கதிர்வீச்சுப் பயம் தேவையில்லை. கதிர்வீசுவது அணுப்பிளவில் உண்டாகும் ஸ்ட்ரோன்சியம்-90. செலஸ்டைட் கனியத்திலிருந்து வருவதெல்லாம் உறுதியான சமதானிகள், அதாவது கதிர்வீசாத ஸ்ட்ரோன்சியம் வகைகள். பழைய டிவிக் குழாய்க் கண்ணாடியில் எக்ஸ் கதிரைத் தடுக்கப் போட்டதும், ஸ்பீக்கரின் ஃபெரைட் காந்தத்தில் இருப்பதும் இதே ஸ்ட்ரோன்சியம்தான்.

வெள்ளவத்தைக் களிமண்

மிக்க நன்றி. இதைக் கோப்பையின் உட்பக்கம் பூசலாமா?

சூளைத்தீ

செம்பு உள்ள மட் கிளேஸை உட்பக்கம் பூச வேண்டாம். ஸ்ட்ரோன்சியத்தால் அல்ல, புளிப்பில் செம்பு கசியும் என்பதால். உள்ளே செம்பில்லாத பளபளப்பான கிளேஸ் பூசுங்கள். தூள் நிறுக்கும்போது என்95 முகக்கவசம் கட்டாயம். கிளேஸிலுள்ள சிலிக்காத் தூசியும் நுரையீரலுக்குக் கேடு.