மே மாதச் சனிக்கிழமைகளில் தூதரக வாசல்களில்

வாஷிங்டன் பக்கம் குடிவந்த முதல் சில வருடங்களில் மாசச்சூசெட்ஸ் அவென்யூ எங்களுக்குக் காரில் கடந்துபோகிற ஒரு சாலை, அவ்வளவுதான். இரண்டு பக்கமும் வெளிநாட்டுத் தூதரகங்கள்; கொடிகள், இரும்புக் கதவுகள், பித்தளைப் பெயர்ப்பலகைகள். விசா வேலை இல்லாவிட்டால் உள்ளே நமக்கு என்ன இருக்கிறது என்று போய்க்கொண்டே இருப்போம். கூட வேலை பார்க்கும் ஒருவர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. மே மாதம் முதல் சனிக்கிழமை பல கண்டங்களின் தூதரகங்களும், அடுத்த சனிக்கிழமை ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் தூதரகங்களும் பொதுமக்களுக்காகக் கதவைத் திறந்துவிடுகின்றன. காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை. கட்டணம் கிடையாது.

முதல் வருடம் பேராசைப்பட்டோம். குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட் மாதிரி ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள், போகிற தூதரகத்தில் எல்லாம் அதில் முத்திரை குத்துவார்கள். என் மகளுக்கு அப்போது எட்டு வயது. ஓடி ஓடி ஏழு முத்திரை வாங்கினோம். ராத்திரி அத்தை பேத்தியைக் கூப்பிட்டு, "என்னடி பார்த்தே, சொல்லு" என்று கேட்டார். அவள் புத்தகத்தைத் திறந்து முத்திரைகளைக் காட்டினாள். அதற்கு மேல் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. எனக்கும் இல்லை. அது மனதை உறுத்தியது.

அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு மூன்று தூதரகம், அதற்கு மேல் வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம். இப்போது அத்தையும் கூட வருகிறார். திரும்பி வரும்போது ரயிலிலேயே பேசி முடிவு செய்வோம், எது நன்றாக இருந்தது, எது இல்லை என்று. அலங்காரம், மேடை, கொடுத்தனுப்புகிற பை இவற்றை எல்லாம் நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. நாம் ஒரு கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்ல உள்ளே ஒரு ஆள் இருந்தாரா? எங்களுக்கு அதுதான் கணக்கு.

எத்தியோப்பியத் தூதரகத்தைப் பற்றிச் சொல்கிறேன். அது வான் நெஸ் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில், பல நாட்டுத் தூதரகங்கள் ஒன்றாக இருக்கிற பகுதியில் இருக்கிறது. காபிக் கொட்டையை அங்கேயே வறுத்து, கழுத்து நீண்ட மண் கூஜாவில் காய்ச்சி, சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வழக்கப்படி மூன்று சுற்று குடித்தால்தான் அந்தச் சடங்கு முடிந்ததாகக் கணக்காம். கூட்டம் முழுக்க அந்தப் பக்கம். ஓரத்து மேசையில் ஒரு பெண்மணி, வருகிறவர்களின் பெயரைத் தங்கள் அம்ஹாரிக் மொழி எழுத்தில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கே ஆள் குறைவு. என் மகள் பெயரை எழுதியதும், அதில் ஒரு எழுத்தைத் தனியாக எடுத்து அதன் ஏழு வடிவங்களையும் வரிசையாக எழுதிக் காட்டினார். மெய் அதேதான், ஒட்டுகிற உயிர் மாற மாற எழுத்தில் ஒரு சுழியோ ஒரு காலோ மாறுகிறது.

"அம்மா, நம்ம க, கா, கி, கீ மாதிரியே இருக்கும்மா!"

அவள் சொன்னது சரிதான். அவர்களுக்கு அடிப்படை எழுத்து 33, ஒவ்வொன்றுக்கும் ஏழு வடிவம். நமக்கு மெய் 18, உயிர் 12, பெருக்கினால் 216 உயிர்மெய். இதை அந்த அம்மாவிடம் சொன்னபோது அவர் பேனாவை அத்தையின் கையில் கொடுத்துவிட்டார். அத்தைக்கு ஆங்கிலம் வராது. ஆனாலும் 'க'வில் தொடங்கிப் பன்னிரண்டையும் நிதானமாக எழுதினார். அந்த அம்மா ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுத் தொட்டு, எங்கே மாறுகிறது என்று கவனமாகப் பார்த்தார். பிறகு தன் பெயரைத் தமிழில் எழுதச் சொல்லி வாங்கி, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். எங்களுக்குப் பின்னால் நின்றவர்களும் அவசரப்படுத்தவில்லை, கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது அவர்களுடைய நாள்காட்டியைக் காட்டினார். 30 நாள் கொண்ட மாதங்கள் பன்னிரண்டு, அப்புறம் மீதியுள்ள ஐந்து அல்லது ஆறு நாளுக்கு ஒரு பதின்மூன்றாம் மாதம். மகள் இன்றைக்கும் அதை யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

இதற்கு நேர் எதிரான அனுபவமும் உண்டு. எந்த நாடு என்று சொல்லப் போவதில்லை. பெரிய, பேர் பெற்ற தூதரகம். வெயிலில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் நின்றோம். வரிசை எவ்வளவு நீளம், எத்தனை பேரை ஒரு தடவைக்கு உள்ளே விடுகிறார்கள் என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. உள்ளே போனால் இரண்டு பக்கமும் கயிறு, நடுவில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். சுவரெல்லாம் கடற்கரைப் படங்கள். ஒலிபெருக்கி அலறியதில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. ஒரு மூலையில் மரத்தில் செதுக்கிய பழைய முகமூடி ஒன்று இருந்தது. அற்புதமான வேலைப்பாடு. இதை எப்போது அணிவார்கள் என்று மேசையில் இருந்த இளைஞரைக் கேட்டேன். "பிரசுரத்தில் இருக்கும்" என்று ஒரு பையை நீட்டினார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், பிரசுரத்தில் ஹோட்டல்களும் விமான வழித்தடங்களும்தான் இருந்தன. அந்த இளைஞரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த முகமூடியைச் செதுக்கிய கைக்கு இது நியாயமா என்று இன்றும் தோன்றுகிறது.

இலவசமாகத்தானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார்கள், இதில் என்ன குறை பார்ப்பது என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தூதரக உறவுகள் பற்றிய 1961-ஆம் வருட வியன்னா ஒப்பந்தம் ஒரு தூதரகத்தின் வேலைகள் என்னென்ன என்று மூன்றாம் பிரிவில் வரிசைப்படுத்துகிறது. நட்புறவை வளர்ப்பதும், பொருளாதார, கலாசார, அறிவியல் உறவுகளை மேம்படுத்துவதும் அதில் சேர்த்தி. ஆக, இந்தத் திறந்த நாள் அவர்கள் நமக்குச் செய்கிற தயவு இல்லை, அவர்களுடைய வேலையில் ஒரு பகுதி. வேலை என்றால் நன்றாகச் செய்தார்களா என்று கேட்கலாம்தானே?

அதே ஒப்பந்தத்தின் 22-ஆம் பிரிவையும் சொல்ல வேண்டும். வரிசையில் நிற்கும்போது, வாசலைத் தாண்டினால் அந்த நாட்டு மண் என்று யாராவது ஒருவர் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். அது உண்மை இல்லை. நிலம் அமெரிக்க நிலம்தான். ஆனால் தூதரகத் தலைவரின் சம்மதம் இல்லாமல் உள்ளூர் போலீஸ்கூட அதற்குள் காலெடுத்து வைக்க முடியாது. அப்படிப்பட்ட ஒரு கதவை, முன்பின் தெரியாத நமக்கு வருடத்தில் ஒரு நாள் திறந்துவிடுகிறார்கள். அதன் அருமை எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த நாள் வீணாகப் போனால் வருத்தம் வருகிறது.

கட்டடங்களைப் பார்க்கவே தனியாக ஒரு நாள் போகலாம். மாசச்சூசெட்ஸ் அவென்யூவில் உள்ள பல தூதரகங்கள் ஒரு காலத்தில் பெரும் பணக்காரர்களின் மாளிகைகள். 1929-க்குப் பிறகு வந்த பொருளாதார வீழ்ச்சியில் அவற்றைக் கட்டிக்காக்க முடியாமல் விற்றார்கள், வெளிநாட்டு அரசுகள் வாங்கின. இந்தோனேசியத் தூதரகம் தங்கச் சுரங்கத்தில் பணம் சேர்த்த தாமஸ் வால்ஷ் 1903-ல் கட்டி முடித்த மாளிகை. ஹோப் வைரம் என்கிற புகழ்பெற்ற நீல வைரத்தைக் கடைசியாகத் தனிச்சொத்தாக அணிந்து திரிந்த எவலின் வால்ஷ் மக்லீன் அவருடைய மகள். அந்த வைரம் இப்போது ஸ்மித்சோனியனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாளிகையை இந்தோனேசியா 1951-ல் வாங்கியது. 2013-ல் அதன் முன்னால் வெள்ளையும் பொன்னுமாக ஒரு சரஸ்வதி சிலை வைத்தார்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள ஒரு நாடு தன் வாசலில் கலைமகளை நிறுத்தியிருக்கிறது. அத்தை அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அங்கிருந்த காவலாளி அதைப் பார்த்து லேசாகத் தலை குனிந்தார்.

அத்தைக்கு முழங்கால் வலி, கைத்தடி இல்லாமல் நடக்க மாட்டார். பழைய மாளிகை என்றால் வாசலிலேயே படிகள். போன இடம் ஒன்றில் படியேற முடியாதவர்களுக்கு வேறு வழி உண்டா என்று கேட்டதற்கு, இல்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். நானும் அத்தையும் வெளியே மரத்தடியில் நின்றுகொண்டோம், மகள் மட்டும் அப்பாவோடு உள்ளே போய் வந்தாள். ஆனால் அதே நாளில் இன்னொரு சின்னத் தூதரகத்தில், நாங்கள் கேட்காமலேயே ஒருவர் உள்ளிருந்து நாற்காலி எடுத்து வந்து வரிசைக்குப் பக்கத்தில் போட்டார். வரிசை நகர நகர நாற்காலியையும் நகர்த்தினார். அவர் தூதரகத்தின் ஓட்டுநர் என்று பிறகுதான் தெரிந்தது. தன் ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது, அம்மாவுக்கும் இதே முழங்கால் வலி என்று பேசிக்கொண்டே இருந்தார். உள்ளே கண்காட்சி சுமார்தான். என் மனதில் அந்த நாட்டுக்கு முழு மதிப்பெண்.

மறுபக்கத்தையும் கேட்டிருக்கிறேன். என் தோழி ஒருத்தி ஒரு தூதரகத்தில் அன்றைய நாளுக்குத் தன்னார்வலராக இருந்தாள். ஆறு மணி நேரம் உட்காரவே இல்லையாம். முக்கால்வாசிப் பேர் கழிப்பறை எங்கே என்றும், முத்திரை எங்கே குத்துவார்கள் என்றும்தான் கேட்டார்களாம். அவள் அந்த நாட்டு நெசவைப் பற்றி ஒரு வாரம் படித்துத் தயாராகப் போயிருந்தாள். கேட்டது ஒரே ஒரு பாட்டி. "அந்தப் பாட்டிக்காகத்தான் அடுத்த வருஷமும் போவேன்" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து எந்தத் தூதரகத்துக்குப் போனாலும் ஒரு கேள்வியாவது யோசித்து வைத்துக்கொண்டு போகிறேன். முத்திரைக்காக ஓடிய வருடத்தில் இப்படி எத்தனை பேரின் முன்னால் நிற்காமல் போயிருப்போம்!

ஐரோப்பிய நாள் கொஞ்சம் வேறு மாதிரி. தூதரகங்கள் நகரம் முழுக்கச் சிதறிக் கிடப்பதால் நாங்கள் போனபோது பேருந்து விட்டார்கள், ஏற்பாடு சீராக இருந்தது. பின்லாந்துத் தூதரகம் எனக்கு மிகவும் பிடித்த கட்டடம். 1994-ல் கட்டியது, கண்ணாடியும் செம்புமாகக் காட்டுக்குள் மிதக்கிற மாதிரி இருக்கும். கட்டடத்துக்குள்ளேயே சானா என்கிற வெப்பக் குளியல் அறை உண்டு. முதன்முதலாகப் போகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

பத்து மணிக்குக் கதவு திறக்கிறது என்றால் ஒன்பதரைக்கே போய்விடுங்கள். பெரிய நாடுகளின் வரிசையில் நின்று பொழுதைத் தொலைக்காமல், பெயர் அதிகம் கேள்விப்படாத நாடுகளுக்கு முதலில் போங்கள். நின்று பேசுகிறவர்களை அங்கேதான் அதிகம் பார்த்திருக்கிறேன். பெரிய பை வேண்டாம், சோதனையில் நேரம் போகும். முழங்கால் வலி உள்ளவர்களைக் கூட்டிப்போவதாக இருந்தால் முதல் நாளே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். மே வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு லோகன் சர்க்கிளில் கொரியாவின் பழைய தூதரகக் கட்டடம் இருக்கிறது. 1910-ல் ஜப்பான் கொரியாவைப் பிடித்துக்கொண்டபோது நாட்டோடு சேர்ந்து கைவிட்டுப் போனதை 2012-ல் திரும்ப வாங்கி, 2018-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அவசரமில்லாமல் பார்க்கலாம்.

போன தடவை வீடு திரும்பும் வழியில் பிரிட்டிஷ் தூதரகத்துக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றோம். அங்கே சர்ச்சிலின் சிலை, ஒரு கால் தூதரக வளாகத்திலும் ஒரு கால் வெளியிலுமாக இருக்கும். சாலைக்கு இந்தப் பக்கம் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன்னால் முஷ்டியை உயர்த்திய மண்டேலா. 1984 நவம்பரில் சிலர் இதே தூதரகத்துக்குள் உட்கார்ந்து நிறவெறிக்கு எதிராகப் போராடிக் கைதானார்கள், அதற்குப் பிறகு நாள்தோறும் வாசலில் மக்கள் வந்து நின்றார்கள் என்று மகளிடம் சொன்னேன். "அப்போ கதவு திறந்திருக்கலையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். மண்டேலாவின் காலடியில் யாரோ ஒரு பூ வைத்திருந்தார்கள்.

அத்தை இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார், அடுத்த மே மாதம் அந்த எழுத்துக்கார அம்மா அங்கே இருப்பாரா என்று. 'க' வரிசையோடு 'ச' வரிசையையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்.