பிரெஞ்சு தெரிந்தால் மட்டும் போதுமா? இங்கிலாந்தில் மொழி ஆசிரியர் பயிற்சி பற்றிய ஒரு கேள்வி

கேள்வி: மாரிகாலம்

அனைவருக்கும் வணக்கம். நான் வடமராட்சியில் பிறந்து, ஒன்பது வயதில் பெற்றோருடன் பாரிஸுக்குப் போய், அதன் புறநகரான லா கூர்நவ்வில் படித்து வளர்ந்தவள். ஆங்கிலத்தையும் ஸ்பானிஷையும் முதன்மைப் பாடங்களாகக் கொண்டு அங்கேயே பட்டம் பெற்றேன். 2014இல் குடும்பத்துடன் இலண்டனுக்கு வந்தோம். ஆறு ஆண்டுகளாக ஓர் இடைநிலைப் பாடசாலையில் வகுப்பு உதவியாளராக இருக்கிறேன். பிரெஞ்சு ஆசிரியர் வராத நாட்களில் அந்த வகுப்பில் போய் நிற்கும்போதெல்லாம், எனக்குத் தண்ணீர் பட்ட பாடாக இருக்கும் ஒரு மொழியை நானே கற்பிக்கலாமே என்ற எண்ணம் வருகிறது.

பட்டதாரிகளுக்கான ஓராண்டு ஆசிரியர் பயிற்சியான பி.ஜி.சி.ஈ.க்கு விண்ணப்பிப்பதில் மூன்று தயக்கங்கள் உள்ளன. இங்கே பிள்ளைகள் பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.ஈ. பொதுத் தேர்வில் ஆங்கிலமோ கணிதமோ என்னிடம் இல்லை. பிரான்சின் பள்ளி இறுதித் தேர்வான பக்கலோரேயா மட்டுமே இருக்கிறது. வேலை விளம்பரங்களில் பெரும்பாலும் பிரெஞ்சுடன் ஸ்பானிஷும் கேட்கிறார்கள். எனது ஸ்பானிஷ் பல ஆண்டுகளாகத் துருப்பிடித்துக் கிடக்கிறது. எனக்கு 41 வயது, இரண்டு பிள்ளைகள். ஓர் ஆண்டு சம்பளமில்லாமல் சமாளிக்க முடியுமா என்பதும் தெரியவில்லை. இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: தூவானம்

அக்கா, நான் 2021–22இல் இதே பயிற்சியை முடித்தவள். உங்களைப் போல நானும் பிரான்சிலிருந்து வந்தவள்தான்.

முதலில் காகித வேலை. உங்கள் பட்டம் இங்குள்ள எந்தத் தகுதிக்கு நிகரானது என்று, வெளிநாட்டுத் தகுதிகளை மதிப்பிடும் யூ.கே. எனிக் நிறுவனத்திடம் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஜி.சி.எஸ்.ஈ. 4ஆம் தரத்துக்கு நிகரான தகுதி கட்டாயம் வேண்டும். ஆனால் பக்கலோரேயாவை ஏற்பதா, தனியாக ஒரு சமநிலைத் தேர்வு எழுதச் சொல்வதா என்பதைப் பயிற்சி நிறுவனமே முடிவு செய்யும் என்பதால், விண்ணப்பிக்கும் முன்னரே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பணத்தைப் பொறுத்தவரை, மொழிப் பாடங்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாத உதவித்தொகை இருக்கிறது. ஆனால் அது ஆண்டுக்கு ஆண்டு மாறும். நான் படித்த ஆண்டில் 10,000 பவுண்டு. அடுத்த ஆண்டு அது 15,000, அதற்கடுத்த ஆண்டு 25,000. என் வயிறு எரிந்ததைச் சொல்லி முடியாது. 2025–26இல் 26,000 ஆனது. நீங்கள் சேரப்போகும் ஆண்டின் தொகையை அரசின் தளத்திலேயே பாருங்கள்.

இவை எல்லாம் சமாளிக்கக் கூடியவை. என்னை உண்மையில் திணறடித்தது நான் நன்றாகத் தெரியும் என்று நம்பிய பிரெஞ்சுதான். முதல் மாதத்தில் 7ஆம் ஆண்டுப் பிள்ளை ஒருவன் தன் வயதைச் சொல்ல "ஜு சுயி ஓன்ஸ் ஆன்" (சொல்லுக்குச் சொல், "நான் பதினொரு ஆண்டு இருக்கிறேன்") என்று எழுதியிருந்தான். பிழை என்றேன். ஏன் என்று கேட்டான். "அப்படிச் சொல்வதில்லை" என்பதைத் தவிர எனக்கு வேறு விடை வரவில்லை. ஆங்கிலத்தில் வயது "இருக்கிறோம்" என்ற வினையோடு வருகிறது, பிரெஞ்சில் "வைத்திருக்கிறோம்" என்ற வினையோடு வருகிறது என்பதை அன்று இரவுதான் உட்கார்ந்து யோசித்தேன். தமிழில் "எனக்குப் பதினொரு வயது" என்று வினையே இல்லாமல் சொல்லி முடித்துவிடுகிறோம். அதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது அந்த வகுப்புக்கு விஷயம் சட்டென்று விளங்கிவிட்டது. இன்னொன்று, நாம் வளர்ந்த புறநகர்ப் பேச்சு. "எனக்குத் தெரியாது" என்பதற்கு "ஜு நு சே பா" என்று முழுதாகச் சொல்லாமல், கொச்சையாக "ஷே பா" என்று வகுப்பில் வாய்தவறிச் சொன்னேன். பின்னால் இருந்து கவனித்த மேற்பார்வையாளர் அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

பதில் 2: கடற்கரைச் சாலை

சகோதரிக்கு வணக்கம். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்து, இங்கே பல ஆண்டுகளாக மொழித் துறையில் பணிபுரிபவன். பயிற்சிக்கு வருபவர்களுக்கு வழிகாட்டியாகவும் இருக்கிறேன். தூவானம் சொன்னதை முழுமையாக ஆமோதிக்கிறேன். தாய்மொழி போலப் பேசுகிறவர்கள்தாம் முதல் பருவத்தில் அதிகம் தடுமாறுகிறார்கள், ஏனெனில் மாணவனுக்கு எது கடினம் என்பது அவர்கள் கண்ணுக்குத் தெரிவதேயில்லை.

2024 செப்டம்பரில் தொடங்கிய புதிய ஜி.சி.எஸ்.ஈ. பாடத்திட்டம் இந்தச் சிக்கலை இன்னும் முன்னால் கொண்டுவந்துவிட்டது. அதன் முதல் தேர்வு ஆண்டு 2026. கீழ்நிலைத் தாளுக்கு 1,200 சொற்கள், மேல்நிலைக்கு 1,700 என்று சொற்பட்டியலை வரையறுத்திருப்பதோடு, உரக்க வாசித்தலையும் சொல்வதைக் கேட்டு எழுதுதலையும் தேர்வில் சேர்த்திருக்கிறார்கள். "அவர்கள் பேசுகிறார்கள்" என்பதற்கான பிரெஞ்சு வினையில் கடைசி மூன்று எழுத்துகள் ஒலிப்பதில்லை. மாணவர்கள் அவற்றையும் சேர்த்து வாசிப்பார்கள். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை நீங்கள் படிப்படியாகக் கற்பிக்க வேண்டும், அதை நீங்களே ஒருமுறை புதிதாகப் படிக்கவும் வேண்டும். மூக்கொலி உயிர்கள் நமக்கு எளிது. எங்கள் பக்கத்துப் பேச்சில் "வந்தான்" என்பதன் கடைசி ஒற்று மூக்கிலேயே கரைந்துவிடுகிறதே.

ஸ்பானிஷ் பற்றிய கவலை நியாயமானது. 2025இல் ஜி.சி.எஸ்.ஈ. எழுதியவர்களின் எண்ணிக்கையில் ஸ்பானிஷ் பிரெஞ்சை முந்திவிட்டது. பிரெஞ்சு மட்டும் தெரிந்தவருக்கு வேலை கிடைக்கும், ஆனால் தேர்ந்தெடுக்கும் இடங்கள் குறையும். 7, 8ஆம் ஆண்டுகளுக்குக் கற்பிக்கும் அளவு மீட்டெடுத்தால் தொடக்கத்துக்குப் போதும். பயிற்சிக்கு முன் பாட அறிவை வலுப்படுத்தும் எஸ்.கே.ஈ. வகுப்புகள் உள்ளன, இடம் கிடைத்தவுடன் அதைப் பற்றி நிறுவனத்திடம் கேளுங்கள்.

பதில் 3: பாதிவழி

மாற்றுக் கருத்து ஒன்று. பயிற்சி ஆண்டின் பெரும்பகுதி பாடசாலைகளில்தான் கழியும். குறைந்தது இரண்டு பாடசாலைகளில் பணியாற்ற வேண்டும். இரண்டாவது எங்கே என்பது பெரும்பாலும் உங்கள் கையில் இராது. எனக்கு இரண்டு பேருந்தும் ஒரு ரயிலும் பிடித்துப் போகும் தூரத்தில் அமைந்தது. பிள்ளைகளை யார் பாடசாலையிலிருந்து கூட்டி வருவது என்ற கேள்வியிலேயே அந்தப் பருவம் போனது. அதோடு முடிவதுமில்லை: 2021 முதல் புதிய ஆசிரியருக்கான அறிமுகக் காலம் இரண்டு ஆண்டுகள். முதலாம் ஆண்டில் பாடவேளை பத்து விழுக்காடு குறைத்துத் தருவார்கள், இரண்டாம் ஆண்டில் ஐந்து. நான் முதலாம் ஆண்டோடு விலகிவிட்டேன். பகுதிநேரப் பயிற்சி சில இடங்களில் உண்டு. வீட்டு நிலைமையைப் பார்த்து அதை முதலில் விசாரியுங்கள்.

மாரிகாலம்

மூவருக்கும் மிகுந்த நன்றி. எனிக் கடிதத்துக்கு விண்ணப்பித்துவிட்டேன். பகுதிநேரம் பற்றி இரண்டு நிறுவனங்களுக்கு எழுதியிருக்கிறேன். தூவானத்தின் பதிலைப் படித்த பிறகு என்னையே சோதித்துப் பார்த்தேன். "அவர் ஒரு வைத்தியர்" என்பதை "இல் எ மேத்சாங்" என்றும் சொல்லலாம், "செ தங் மேத்சாங்" என்றும் சொல்லலாம். இரண்டையும் கலந்து "இல் எ தங் மேத்சாங்" என்றால் மட்டும் ஏன் பிழை என்று என் மூத்த மகளுக்கு ஆங்கிலத்தில் விளக்க உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் ஆகியும் அவளுக்கு விளங்கவில்லை. திங்கட்கிழமை எங்கள் மொழித் துறைத் தலைவரிடம், அவருடைய 9ஆம் ஆண்டு வகுப்பின் பின்வரிசையில் உட்கார அனுமதி கேட்கப் போகிறேன்.